கொள்ளைக்காரர் பிடித்த கப்பல்

நாகப்பட்டினத்தில் கிளம்பிய கப்பல் பினாங்கு போய்ச் சேரவில்லை என்று அண்ணிக்கு வாசித்துச் சொன்னது நான்தான். சுரங்கக் கூலிகள் குடியிருக்கும் எங்கள் லைனில் வாசிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்தி. ஜெபக்கூடத்து உபதேசியாருக்கு வாரம் ஒருமுறை மதராஸிலிருந்து தமிழ்ப் பத்திரிகை வரும். படித்துவிட்டு எனக்குக் கொடுப்பார்.

என் அண்ணன் அந்தக் கப்பலில் இருந்தான். பூமிக்கு அடியில் இறங்கி இறங்கி மூச்சு முட்டுகிறது, இனிமேல் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏற மாட்டேன் என்று சொல்லி, பினாங்கில் ரோடு போடும் வேலைக்குப் போனவன். அப்போது அவன் குழந்தைக்கு மூன்று மாதம்.

செய்தி கேட்ட நாளிலிருந்து அண்ணி சாப்பிடவில்லை. பால் வற்றிவிட்டது. குழந்தை அழுது அழுது குரல் கம்மிப்போனது. கேழ்வரகுக் கஞ்சியின் தெளிவைத் துணியில் நனைத்துக் கொடுத்தேன், துப்பிவிட்டது.

அடுத்த வாரப் பத்திரிகையில் இரண்டே வரிகள். கப்பல் புயலில் மூழ்கியிருக்க வேண்டும், ஒருவரும் பிழைத்த தகவல் இல்லை. அண்ணி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா போட்டுகீறான் பாப்பா?"

அதற்குச் சற்று முன் வந்த கிறிஸ்துமஸுக்கு ஜெபக்கூடத்தில் விளக்கு வைத்து வெள்ளைத் துணியில் படம் காட்டியிருந்தார்கள். ஒரு படத்தில் தலையில் துணி கட்டி, பல்லில் கத்தியைக் கவ்விக்கொண்டு, கப்பலில் ஏறும் கொள்ளைக்காரர்கள். பிடித்தவர்களைத் தீவில் வைத்து வேலை வாங்குவார்கள் என்று உபதேசியார் விளக்கினார். லைன் முழுக்க ஒரு மாதம் அதே பேச்சு.

"கடல் கொள்ளைக்காரங்க புடிச்சிட்டாங்களாம் அண்ணி. எல்லாரும் உசுரோட ஒரு தீவுல கீறாங்களாம்" என்றேன்.

அன்று மத்தியானமே அண்ணி களி தின்றாள். மூன்றாம் நாள் பால் ஊறியது. குழந்தை குடிக்கும் சத்தத்தைக் கேட்டு, செய்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் வாராவாரம் அவள் பத்திரிகைக்குக் காத்திருந்தாள். அடிக்கிறார்களா, சோறு போடுகிறார்களா என்று கேட்டாள். நானும் வாசிப்பது போலவே சொன்னேன். அண்ணனோடு போனவர்களின் வீட்டுப் பெண்கள் இருவர் மாரிகுப்பத்திலிருந்து நடந்தே வந்து கேட்டார்கள். அவர்களுக்கும் சொன்னேன்.

ஆறாவது வாரம் அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கேப்டன் துரை பங்களாவுக்குப் போய்விட்டாள் என்று குழாயடியில் சொன்னார்கள். ஓடினேன். சுரங்கத்தில் வேலை வாங்கும் வெள்ளைக்காரரைக் கேப்டன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அண்ணி அவரைக் கப்பல் கேப்டன் என்று நம்பிப் போயிருந்தாள். கேட்டருகே சரளைக்கல்லில் விழுந்து, சேறு காயாத அவருடைய பூட்ஸைப் பிடித்திருந்தாள்.

"உங்க கப்பல அனுப்புங்க தொரே. அந்தத் தீவுலருந்து அவர மட்டும் கொண்டாந்துருங்க."

அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். "நான் சுரங்கத்துக்குக் கேப்டன் அம்மா. கப்பல் கிடையாது. யார் சொன்னது இந்தத் தீவு?"

"பேப்பர்ல போட்டுகீது. என் நாத்தனா படிச்சா."

"நான் தினம் கப்பல் சேதி பார்க்கிறேன். கொள்ளைக்காரன் ஒன்றும் இல்லையே."

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அதுல இல்ல அண்ணி. நானா சொன்னேன்."

"எதுலருந்து நீயா சொன்ன?"

"கொள்ளைக்காரங்க புடிச்சாங்கன்னு சொன்னதுலருந்து."

அவள் என்னை அடிக்கவில்லை. "அப்ப இத்தினி நாளா நான் தின்ன சோறு..." என்றாள். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் பழைய பத்திரிகையைத் தேடி எடுத்து என் மடியில் போட்டாள். "உள்ளத மட்டும் படி."

படித்தேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். பிறகு குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் மாரிகுப்பம் போய் அந்த இரண்டு பெண்களிடமும் உண்மையைச் சொன்னேன். ஒருத்தி என் முகத்தில் துப்பினாள். இன்னொருத்தி நம்பவே இல்லை. துரைமார்கள் மிரட்டி என்னை மாற்றிச் சொல்ல வைக்கிறார்கள் என்றாள். அவளை என்னால் கடைசிவரை நம்பவைக்க முடியவில்லை.

குழந்தைக்காக அண்ணி சாப்பிட்டாள். பிறகு சுரங்கத்துக்கு மேலே கல் உடைக்கும் வேலைக்குப் போனாள். பத்திரிகை வந்தால் உபதேசியார் வீட்டுக்கே போய் அவர் வாயால் கேட்டு வருவாள். என்னிடம் எதையும் வாசிக்கச் சொன்னதில்லை. கப்பலைப் பற்றி அதன்பிறகு ஒரு வரிகூட வரவில்லை.