மோட்டார்காரர் வீட்டு ரவுட்டர்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சமையலறை ஜன்னல் கம்பியில் ஒரு டாங்கிளைக் கட்டியது.

டாங்கிள் என்பது விரல் நீளத்தில் ஒரு மோடம். உள்ளே சிம் கார்டு இருக்கும். கம்பியில்லாமல் இன்டர்நெட்டை இழுத்துத் தரும். தெருவைத் தோண்டியவர்கள் டெலிபோன் கேபிளையும் சேர்த்து வெட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இந்தத் தெருவுக்கு இனிமேல் கம்பி கிடையாது என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. வீட்டில் டெலிபோனும் போயிற்று, இன்டர்நெட்டும் போயிற்று. மகள் வெளியூரிலிருந்து டாங்கிளும் அதைச் செருக இடமுள்ள ஒரு ரவுட்டரும் வாங்கிக்கொண்டு வந்தாள். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் பிழைப்பு.

"இதை லேப்டாப்புல சொருகினா அதுக்கு மட்டும்தான் நெட் வரும். ரவுட்டர்ல சொருகினா வீடு பூரா வரும்" என்றாள்.

டாங்கிளைக் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்து பார்த்தார்கள். ஜன்னலருகில் மட்டும்தான் சிக்னல் முழுசாகக் கிடைத்தது. அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறப் போனார்.

"நீங்க ஏறாதீங்கப்பா. நெஞ்சுல பேட்டரியை வச்சுக்கிட்டு."

"பேட்டரி இருந்தா இன்னும் வேகமா இல்ல ஏறணும்?"

அவளே ஏறிக் கட்டினாள். அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். டாங்கிளிலிருந்து ஒரு நீட்டு ஒயர் இறங்கி அலமாரி மேலிருந்த ரவுட்டருக்குப் போயிற்று. புது ரவுட்டருக்குப் பழைய ரவுட்டரின் பெயரையும் பாஸ்வேர்டையுமே கொடுத்தாள். அப்படிச் செய்தால், அந்தப் பெயரைத் தெரிந்து வைத்திருக்கும் எதையும் திரும்பத் தொட வேண்டாம்: அவர் போன், கீழ்வீட்டுத் தையல்காரம்மாவின் போன், எல்லாவற்றுக்கும் மேலாக அவர் கட்டில் பக்கத்துப் பெட்டி.

அந்தப் பெட்டிக்காகத்தான் இவ்வளவும். அவர் நெஞ்சிலிருந்த பேஸ்மேக்கர், அவர் தூங்கும்போது பெட்டியோடு பேசும். பெட்டி அதை இன்டர்நெட் வழியாக ஆஸ்பத்திரிக்குச் சொல்லும். துடிப்பு கோணல்மாணலாகப் போனால் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள். பெட்டி வாயை மூடினால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

அப்பா ஜன்னலையும் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இந்தக் குச்சி மோட்டாரு. அது டாங்கு. இது இழுத்து அதுல ஊத்துது. அதுலேருந்து வீடு பூரா குழாய் போகுது. சரியா?"

"ஆமாப்பா, அதேதான்."

ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இவ்வளவு அழகாகச் சொல்லித் தர ஆளில்லையே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. கிளம்பிவிட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை அவர் ஊர்க் குடிநீர் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர். ஊரே மோட்டார்காரர் என்றுதான் கூப்பிடும். ஏரித் தண்ணீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுவதும், தொட்டியிலிருந்து தெருத் தெருவாக முறை வைத்துத் திறந்துவிடுவதும் வேலை. கிழக்குத் தெருக்காரர்கள் மேற்குத் தெருவுக்கு ஐந்து நிமிடம் கூடப் போய்விட்டது என்று சண்டைக்கு வருவார்கள். "தண்ணி தெருப் பேரைக் கேட்டுக்கிட்டாய்யா போகுது? பள்ளத்துல இருக்கிறவனுக்குக் கொஞ்சம் சேர்த்துத்தான் வரும். வேணும்னா வீட்டைத் தூக்கிப் பள்ளத்துல வை" என்பார்.

மோட்டாரை ஓட்டுவதைவிட நிறுத்துவதுதான் அவர் கண்ணில் பெரிய வேலை. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார். கை பொறுக்கவில்லை என்றால், யார் வந்து கத்தினாலும் சுவிட்சை இறக்கிவிடுவார். மற்ற ஷிப்டுகளில் மோட்டாரின் காயில் சுருள் எரிந்து, ஊர் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்ததுண்டு. அவர் ஷிப்டில் ஒரு மோட்டார்கூட எரிந்ததில்லை. அதை அவர் வாயால் சொல்லிக்கொள்ள மாட்டார். யாராவது சொன்னால் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்பார்.

"எனக்குக் காய்ச்சல்னா ஒரு நாள் நெத்தியில கை வச்சுப் பார்த்திருப்பாரா? மோட்டாருக்கு மட்டும் மணிக்கு ஒரு தடவை" என்று அம்மா உயிரோடிருந்தவரை குத்திக்காட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ எரிஞ்சா நான் மட்டும்தான் பட்டினி. மோட்டார் எரிஞ்சா ஊரே தாகம்."

ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. மிக்ஸி, ஃப்ரிட்ஜ், மின்விசிறி என்று எது ஓடினாலும் தொட்டுப் பார்த்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருப்பார். கேட்டால், "பாவம், காலையிலேருந்து சுத்துது."

இன்டர்நெட்டையும் அவர் அப்படித்தான் நடத்தினார். தையல்காரம்மா, படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்று வந்து சொன்னபோது, "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல குழாயைத் திறந்தா பிரஷர் இறங்கத்தான் செய்யும். காலையில உனக்கு, மத்தியானம் எனக்கு" என்று முறை வைத்துவிட்டார்.

மகள் போனில் கூப்பிடும்போதெல்லாம் கேட்பாள். "நெட் ஓடுதாப்பா?"

"ஜம்முனு ஓடுது. போன்ல அந்த வைஃபை விசிறிப் படம் முழுசா நிக்குது. ஒரு கோடு குறையலை."

"பெட்டி?"

"அது பாட்டுக்கு இருக்கு. நீ சாப்பிட்டியா?"

அவள் அத்தோடு விட்டுவிட்டாள்.

ஒரு நாள் காலையில் பால் பாக்கெட் எடுக்காமல் வாசலிலேயே கிடந்தது. தையல்காரம்மாதான் மாடியேறிப் போய்க் கதவைத் தட்டினாள். பிறகு கதவை உடைத்தார்கள். மகள் வந்து சேர்ந்தபோது உடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தகனம் செய்வதானால் பேஸ்மேக்கரை வெளியே எடுத்துவிட வேண்டும், சூட்டில் வெடிக்கும். அவள் கையெழுத்துப் போட்டாள். எடுத்தார்கள். மற்ற காரியங்களும் நடந்து முடிந்தன. உறவுக்காரர்கள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை தையல்காரம்மா பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்து வைத்தாள். போகாமல் நின்றாள்.

"தப்பா நினைக்காதேம்மா. தைச்ச துணியைப் படம் பிடிச்சு ஒருத்தருக்கு அனுப்பணும். அந்த மோட்டாரைக் கொஞ்சம் போட்டுவிடறியா? எனக்குப் போடத் தெரியாது."

"எந்த மோட்டார், அக்கா?"

"இன்டர்நெட்டு மோட்டாரும்மா. காலையில அண்ணன்தான் போடுவாரு. சாயங்காலம் ஆனா கழட்டி வச்சிடுவாரு. தொட்டா கொதிக்குது, எரிஞ்சுபோயிடும், ராத்திரிக்காவது ஓய்வு குடுக்கணும்னு சொல்வாரு."

"தினமுமா?"

"நீ மாட்டிட்டுப் போனதிலேருந்து. ராத்திரி என்னண்ணே பண்றதுன்னு நானே கேட்டேன். டாங்குல இருக்கும்னுட்டாரு."

மகள் எழுந்து ஜன்னலைப் பார்த்தாள். கம்பியில் வெறும் ஒயர் தொங்கியது. சிங்க் பக்கத்துக் குளிர்ந்த கல்லின் மேல், மடித்த கைக்குட்டையில், டாங்கிள் படுத்திருந்தது. அலமாரியில் ரவுட்டரின் விளக்குகள் எப்போதும்போல எரிந்தன. தன் போனை எடுத்துப் பார்த்தாள். விசிறிப் படம் முழுசாக நின்றது, ஒரு கோடு குறையவில்லை. வீட்டுக்குள் இருக்கிற போனும் ரவுட்டரும் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தன. ரவுட்டருக்கு அப்பால் ஒன்றுமில்லை. ரவுட்டர் எதையும் தேக்கி வைக்காது. வருவதை அந்தக் கணமே பிரித்துக் கொடுக்கும், வராவிட்டால் கொடுக்க அதனிடம் எதுவும் கிடையாது. பெட்டி பேசுவது அவர் தூங்கும்போது மட்டும். அவர் தூங்கிய நேரமெல்லாம் டாங்கிளும் கல்லின் மேல் தூங்கியிருக்கிறது.

டாங்கிளைச் செருகிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். ரிப்போர்ட் பார்க்கும் பெண்தான் எடுத்தாள்.

"நீங்க சொல்ற அந்தக் கேபிள் அறுந்த அன்னிலேருந்தே வரலை மேடம். நாங்க எத்தனையோ தடவை கூப்பிட்டோம். இந்த நம்பர் உபயோகத்தில் இல்லைன்னே வந்தது." எந்த நம்பர் என்று கேட்டதற்குப் படித்துக் காட்டினாள். வெட்டுப்பட்ட டெலிபோனின் நம்பர்.

டாக்டரிடம் இணைப்பைக் கொடுத்தாள். வெளியே எடுத்த பேஸ்மேக்கரில் பதிவானதை அவர் பார்த்திருந்தார். கொஞ்ச நாளாகவே இரவுகளில் துடிப்பு தடம் புரண்டுகொண்டிருந்தது என்றார்.

"ரிப்போர்ட் வந்திருந்தா?"

"மருந்தை மாத்தியிருப்பேன்."

"மாத்தியிருந்தா பிழைச்சிருப்பாரா?"

"சொல்ல முடியாதும்மா. மாத்தியிருப்பேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

ஏதாவது ஒரு பக்கமாகச் சொல்லியிருக்கலாம். போனை வைத்துவிட்டு நின்றாள். கீழே தையல்காரம்மாவின் போனில் செய்தி போய்ச் சேர்ந்த சத்தம் மட்டும் கேட்டது.

வாசலில் ஹாரன் அடித்தது. நின்று, மறுபடி அடித்தது. இறங்கிப் போனாள். வாடகைக் கார் ஒன்று நின்றது. டிரைவர் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"பெரியவர் கிளம்பிட்டாராம்மா?"

அவள் கார் அருகே போனாள்.

"போன வாரமே சொல்லிவச்சாரு. அவர் கட்டில்கிட்ட ஏதோ பெட்டி இருக்காமே, அதுல மஞ்சள் விளக்கு மினுக்கிக்கிட்டே இருக்காம். பெட்டியில ஏதோ ரிப்பேர், ஆஸ்பத்திரியில கொண்டுபோய்க் காட்டணும்னாரு. நீங்க அவர் பொண்ணா? உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாரு. சொன்னா லீவைப் போட்டுட்டு ஓடியாந்துடுமாம்." சிரித்தார். "வந்துட்டீங்களே, எப்படியோ தெரிஞ்சிடுச்சு போல."

"அப்பா இல்லைங்க" என்றாள்.

"வெளிய போயிருக்காரா? பரவாயில்லை. அவசரப்படுத்தாதீங்க, மெதுவாவே வரட்டும்" என்று சொல்லிவிட்டு, வண்டியை ஓரமாக நிழலில் கொண்டுபோய் நிறுத்தினார்.