இத்தாவில் ஒரு ஞானப்பல்

ஏறாவூரில் நஸீறாவின் வாய்க்குப் பயப்படாத ஆட்கள் குறைவு. அபாயா தைத்து விற்கிறவள். துணிக்கடைக்காரர் அரை முழம் குறைத்து வெட்டிவிட்டால், கடை வாசலிலேயே துணியை விரித்து நாலு பேர் பார்க்க அளந்து காட்டுவாள். புருஷன் சரீப் லொறி ஓட்டியவர். வீட்டில் பேசுகிற வேலையை அவளிடமே விட்டிருந்தார். ஒருநாள் விடியச் சுபஹுத் தொழுகை முடிந்து வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை.

அவர் மௌத்தாகி நாற்பத்தோராம் நாள், அந்த நஸீறா வாயைத் திறக்க முடியாமல் கிடந்தாள். வந்தவர்கள் அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். துக்கம் இருந்ததுதான். ஆனால் வாயை மூடியது அது அல்ல. வலப்பக்கக் கீழ்த்தாடையில் ஞானப்பல் படுத்தபடி முளைத்து, முன்னால் நின்ற பல்லை முட்டி, பல்லைச் சுற்றிய முரசுச் சதை சீழ் கட்டியிருந்தது. மூன்று வருசமாக விட்டுவிட்டு வந்த வலி. சரீபை நெஞ்சு வருத்தக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவதற்கு நேரம் இருந்தது, தன் பல்லுக்கு இருக்கவில்லை.

மகன் ஸியாம் குளிரூட்டி திருத்துகிற தொழில்நுட்பம் படித்தவன். கராம்பு எண்ணெய் வாங்கிவந்தான். சரீபின் ராத்தா ஸுஹைனா தம்பி வீட்டில் தங்கியிருந்தார்; போத்தலைத் திறந்து மணந்து பார்த்தார். மூடி, அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கவேண்டும். வீட்டைவிட்டு வெளிக்கிடக்கூடாது, அத்தர் பூசக்கூடாது. கராம்பு எண்ணெய் மணக்கிறது, ஆகவே அதுவும் கூடாது என்பது அவர் தீர்ப்பு. வஞ்சகமான மனுஷி இல்லை. தம்பிக்குச் செய்ய இனி ஒன்றும் மிச்சமில்லை, அவன் பெண்சாதியின் இத்தாவைப் பழுதில்லாமல் காப்பதுதான் மிச்சம் என்று நம்பினார்.

நஸீறா மூன்று நாள் பொறுத்தாள். மதினியின் முகத்துக்காக ஒரு நாள், ஊர் வாய்க்காக இரண்டு நாள். நாலாம் நாள் காய்ச்சல் வந்தது. வாய் ஒரு விரல் போகிற அளவுக்குத்தான் திறந்தது. எழும்பி, வெளியே போக அபாயாவைப் போட்டாள்.

ஸியாம் முன்பே மௌலவியிடம் கேட்டிருந்தான். வருத்தத்துக்கு மருந்து செய்யப் போகலாம், வேலை முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பவேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். ஸுஹைனா வாசலில் நின்றார். அந்த மௌலவி சின்ன வயசு, அவருக்கு என்ன தெரியும் என்றார். கண்ட கண்ணெல்லாம் கதை கட்டும் என்றார். இன்னும் எண்பத்துச் சொச்சம் நாள்தானே என்றார்.

திறக்காத வாயால் நஸீறா சொன்னாள்: "மௌத்தானது என்ட மாப்பிள்ள, மதினி. நான் இன்னும் உசிரோடதான் இரிக்கன்."

ஓட்டோ மட்டக்களப்புக்குப் போனது. பல் டொக்டர் சீழைப் பார்த்துவிட்டு, மருந்து தந்து மூன்று நாள் கழித்து வரச்சொன்னார். ஆக, இரண்டாம் தரமும் வெளிக்கிட வேண்டியதாயிற்று. இம்முறை மதினி வாசலுக்கு வரவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். நஸீறா அந்த முதுகுக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போனாள்.

விறைப்பூசி போட்டு, முரசைக் கீறி, பல்லை இரண்டாகப் பிளந்து எடுத்தார்கள். இரண்டு தையல். தையல்காரி என்பதால், என்ன நூல் என்று கையால் எழுதிக் கேட்டாள். தானாகக் கரையும் நூல் என்றார் டொக்டர். அவளுக்கு அது பிடித்தது.

வீட்டில் ஸியாம் மூன்று தலையணை அடுக்கினான். ஐஸைத் துணியில் சுற்றி, கால்மணி நேரம் கன்னத்தில், கால்மணி நேரம் ஓய்வு என்று மணிக்கூடு பார்த்து வைத்தான். ஸுஹைனா மாமி கொப்பளிக்கச் சுடுநீரில் உப்புக் கரைத்து வந்தார். அது நாளைக்கு, அதுவும் இளஞ்சூட்டில் என்று வாங்கி வைத்தான். குழிக்கு இப்போது மூடி இரத்தக்கட்டிதான், அது கழன்றால் வலி முன்னதைவிட மோசம் என்றான். துப்பக்கூடாது, குரும்பைத் தண்ணீரை ஸ்ட்ரோ வைத்து உறிஞ்சக்கூடாது என்றான். அதற்கு மேல் பேசவில்லை. வாப்பா போனதிலிருந்தே அவன் அப்படித்தான்.

மறுநாள், பெருநாளுக்குத் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவிக்கிற வட்டிலப்பம், குளிரவைத்து வேண்டும் என்றாள் நஸீறா. தலையணையில் சாய்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், துக்கம் கேட்க நாலு பெண்கள் வந்தார்கள். கோப்பையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

"இத்தாவிலயும் வட்டிலப்பம் இறங்குதா புள்ள?" என்றாள் அதில் ஒருத்தி.

"சோறு இறங்குதில்ல. இது இறங்குது." இன்னொரு கரண்டி அள்ளி, அவள் முகத்தைப் பார்த்தபடியே விழுங்கினாள்.

அவர்கள் அதிகநேரம் இருக்கவில்லை. போனபிறகு நஸீறா கோப்பையை வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். தையல் இழுபடுகிறதென்று தெரிந்தும் அழுதாள். குசினியிலிருந்து ஸுஹைனா ஓடிவந்தார்.

"பல்லு வலிக்குதா?"

"இல்ல மதினி. வலி நிண்டுட்டு. இவ்வளவு நாளும் பல்லுக்குத்தான் அழுத. இண்டைக்குத்தான் அவருக்கெண்டு அழ ஏலுது."

ஸுஹைனா கட்டிலில் இருந்தார். ஐஸ் துணியைப் பிழிந்து மடித்து, நஸீறாவின் கன்னத்தில் பிடித்தார். அவரும் அழுதார்.

நஸீறா கன்னத்தை விலக்கவில்லை. கொஞ்சநேரம் கழித்துக் கோப்பையை எடுத்து, அழுதுகொண்டே மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தாள்.