சிவப்புப் புள்ளிக்கு ஒரு பீங்கான் குழாய்

எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளை நான் ஒரு கண்ணாடி வட்டத்துக்குக் கொடுத்தேன். ஆறு அங்குலக் கண்ணாடி. பொடி போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குழியாக்கி, மெருகேற்றி, சென்னைக்கு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய் வெள்ளிப் பளபளப்பாகப் பூச்சு ஏற்றி வந்து, பெரிய பிளாஸ்டிக் குழாய்க்குள் பொருத்தித் தொலைநோக்கி செய்தேன். என் படிப்பு பத்தாவதோடு நின்றது. மிச்சமெல்லாம் போனில் பார்த்துப் படித்ததுதான். “எல்லாரும் கண்ணாடியில மூஞ்சி பாப்பாங்க, எங்க வூட்டுக்காரரு வானத்தப் பாப்பாரு” என்று என் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்ததாக்கும்.

இந்த மாதிரித் தொலைநோக்கியில் கண்ணாடி இரண்டு. அடியில் பெரியது, மேலே சாய்வாகச் சின்னது. இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக அமைய வேண்டும். இல்லாவிட்டால் நட்சத்திரம் புள்ளியாகத் தெரியாது, ஒரு பக்கம் வால் முளைத்துவிடும். நேராக்குவதற்கென்றே லேசர் கருவி விற்கிறார்கள். கண் வைக்கிற துளையில் அதைச் செருகினால், சிவப்புப் புள்ளி சின்னக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, பெரிய கண்ணாடியின் நடுவில் விழ வேண்டும். விலகி விழுந்தால் திருகைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவரலாம். அதன் விலை எனக்குக் கட்டுப்படியாகாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் சாவிக்கொத்து விற்பவரிடம் ஒரு லேசர் பேனா வாங்கினேன். அந்தத் துளைக்குப் பொருந்துகிற குழாய் ஒன்று கிடைத்தால், பேனாவை அதற்குள் இறுக்கிவிடலாம்.

வேறு ஊர்க்காரன் என்றால் லேத்துப் பட்டறைக்குப் போயிருப்பான். விருத்தாசலத்துக்காரனுக்கு எது வேண்டுமென்றாலும் முதலில் மண்தான் ஞாபகம் வரும். நான் பீங்கான் யூனிட் ஒன்றில் ஃபியூஸ் கட்டை அச்சடிக்கிறேன். அங்கே சூளை பார்ப்பவர் என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். ரத்த உறவு கிடையாது. ஆனாலும் எனக்கு அவர் மாமா, அவருக்கு நான் மாப்ள. இந்த லேசரை நினைத்துத் தூக்கம் வராமல் புரள்வதாக அவரிடம் புலம்பியிருந்தேன்.

“இரும்பு துருப்புடிக்கும், பிளாஸ்டிக்கு இளகும். பீங்கான் ஒருவாட்டி நின்னா நின்னதுதான் மாப்ள. நான் சுட்டுத் தரேன்” என்றார்.

முதல் குழாய் விரிசல் விட்டது. இரண்டாவதில், சூட்டில் மண் சுருங்குகிற அளவை நான் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன், துளைக்குள் லொடலொடவென்று ஆடியது. “சூளைக்குள்ள போனா சாமியே சுருங்கும், ஒங்கொழாய் எந்த மூலைக்கு?” என்றார் மாமா. பிள்ளையார் பொம்மை சுடுகிற ஊரில்தான் இப்படியொரு சொல் பிறக்கும். அன்றைக்கு முழுவதும் பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தேன்.

மூன்றாவதை நிற்க வைத்துச் சுடும்படி கேட்டுக்கொண்டேன். படுக்கப் போட்டால் குழாய் சூட்டில் தன் கனத்துக்கே வளையும். “நிக்க வச்சுத்தான் சுட்டேன்” என்று கொண்டுவந்து கொடுத்தார். வெளிப்பக்கம் சாணைக்கல்லில் தேய்த்த தடம் இருந்தது. “பொருந்தணும்ல, அதான் லேசா ஓட்டுனேன்.” துளையில் செருகினேன். அப்படியொரு பொருத்தம். அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பேனாவைக் குழாய்க்குள் வைத்தாயிற்று. பிளாஸ்டர் ஊற்றி இறுக்குவதற்கு முன் ஒரு சோதனை பாக்கி. பலகையில் வெட்டிய பள்ளத்தில் குழாயைப் படுக்கவைத்து உருட்ட வேண்டும். எதிர்ச்சுவரில் புள்ளி அசையாமல் நின்றால் லேசர் நேர். வட்டம் போட்டால் கோணல். மதியச் சாப்பாட்டு வேளையில், ஷெட்டின் இந்தக் கோடியில் நான் உட்கார்ந்தேன். அந்தக் கோடிச் சுவரடியில் பென்சிலோடு மாமா. பகல் வெளிச்சத்தில் புள்ளி கிட்டத்தில் நிற்கிறவருக்குத்தான் தெரியும். குழாய் பள்ளத்தைவிட்டு எழும்பாமல் பார்த்துக்கொள்வதிலேயே என் கண் இருந்தது.

“நிக்கிதா மாமா?”

“நிக்கிது.”

“இன்னொரு சுத்து உருட்டட்டுமா?”

“எத்தினிவாட்டி உருட்டுவ, சப்பாத்தியா சுடப் போற? ஆணி அடிச்சாப்புல நிக்கிது மாப்ள.”

சிரித்துக்கொண்டே பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினேன்.

லேசரை வைத்துத் தொலைநோக்கியை நேராக்கிவிட்டு, விளக்கு வைத்த நேரத்தில் மாடிக்குப் போய் நட்சத்திரத்தைப் பார்த்தேன். வால். மறுபடி நேராக்கினேன், மறுபடி வால். போனில் இதே கிறுக்கு உள்ளவர்களின் குழு ஒன்று உண்டு, அங்கே கேட்டேன். லேசர் நேர் என்றால் உங்கள் கண்ணாடிதான் கோணல் என்று சொல்லிவிட்டார்கள். அதை மாமாவிடம் சொன்னேன். அவர் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார்.

“கையால செஞ்சதுதான மாப்ள, முன்னபின்னதான் இருக்கும்.”

ஏற்றிய பூச்சை நானே கரைத்து எடுத்தேன். பளபளப்பெல்லாம் கறுப்புத் தண்ணீராகச் சாக்கடையில் போயிற்று. திரும்பவும் தேய்க்க உட்கார்ந்தேன். மாமா ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்கு வந்தார். எதிரே குந்தி, பொடி காயாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கதை பேசுவார். மத்தியானம் என் மனைவி வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் போவார். துணைக்கு ஒரு மனிதர் இருக்கிறாரே என்று நெகிழ்ந்திருக்கிறேன்.

இரண்டாம் முறையும் சென்னைக்குப் போய் வந்தேன். அதே வால், அதே பக்கம். இந்தத் தடவை வாலோடு மங்கலும் சேர்ந்துகொண்டது.

ஒரு காலையில் வீட்டுக்குள் வைத்து லேசரைச் செருகிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை எப்போதும் ஒரே வாட்டத்தில்தான் செருகுவேன், பேனாவின் பட்டன் என்னைப் பார்த்து இருக்கும்படி. ஒருமுறை திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லையே, அது என் புத்தி. என் மனைவி எட்டிப் பார்த்தவள், சும்மா கைவாக்கில் அதைத் துளைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“என்னாங்க இது, புள்ளி செக்குமாடாட்டம் சுத்திவருது?”

பெரிய கண்ணாடியில் சிவப்புப் புள்ளி வட்டம் போட்டது. நானும் ஒருமுறை சுற்றிப் பார்த்தேன், அதே வட்டம்.

மறுநாள் சூளையடியில் மாமா பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“மாமா, அந்தக் கொழாய் வளஞ்சிருக்குது.”

“தெரியும்” என்றார். கை நிற்கவில்லை.

“எப்பலேந்து தெரியும்?”

“சூளையத் தொறந்தப்பவே. சூளை முழுக்க ஃபியூஸ் கட்ட லோடு, நிக்க வைக்க எடமில்ல. படுக்கப் போட்டேன். வெளிய தேச்சு நேராக்கிட்டேன், உள்ள இருக்குற தொளைய என்னா பண்றது?”

“அன்னிக்குச் செவுத்துல புள்ளி?”

“சாண் அகலத்துக்குச் சுத்துச்சு.”

“கண்ணாடியத் தேய்க்கச்சே சொல்லியிருக்கலாமே மாமா? எதுக்க ஒக்காந்து தண்ணி ஊத்துனீங்களே!”

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “அப்ப சொன்னா, நிக்கிதுன்னு நான் சொன்னது பொய்யாயிடுமே மாப்ள.”

சண்டைக்கு இழுக்கிற குரல் இல்லை. பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர் மாதிரி நிதானமாகச் சொன்னார். எங்கள் யூனிட்டில் கோணலாக வெந்ததைத் தூக்கிப் போடுவதில்லை. தனியாக அடுக்கி, ரெண்டாம் தரம் என்று வேப்பூர் ரோட்டுக் கடைகளுக்கு அனுப்பிவிடுவோம். “வளஞ்சதுக்கும் வாங்க ஆளு இருக்குது” என்பது அங்கே எல்லோர் வாயிலும் வருகிற சொல், நானே எத்தனையோ முறை ரசித்துச் சொன்னதுதான். என்னையும் அவர் அந்த வாங்குகிற ஆளாகத்தான் வைத்திருந்தார் என்பது இத்தனை நாளாக உறைக்கவில்லை. அச்சு மெஷினுக்குத் திரும்பிப் போனேன்.

இப்போது பிளாஸ்டிக் குழாயில் மூன்று திருகு வைத்து வேறு லேசர் செய்துவிட்டேன், நேராகத்தான் இருக்கிறது. இரண்டாவது தேய்ப்பில் மங்கிப்போன கண்ணாடியை மூன்றாவது முறையாகத் தேய்க்கிறேன். முதல் முறை தேய்த்தது நன்றாகத்தான் இருந்திருக்கும். இனி அதை யார் பார்க்க முடியும்?

போன சனிக்கிழமை வேலை விட்டுக் கிளம்பும்போது கேட் அருகில் மாமா என் சைக்கிள் ஹாண்டில்பாரில் கை வைத்தார்.

“நாளைக்கு வரட்டுமா மாப்ள? தண்ணி ஊத்த ஆளு வேணும்ல?”

“நாளைக்கு வூட்டுக்கு விருந்தாளுங்க வராங்க மாமா” என்றேன்.

யாரும் வருவதாக இல்லை. கையை எடுத்துக்கொண்டு, சரி சரி என்று தலையாட்டினார். அவரும் அதை நம்பவில்லை.