இறந்தவர் பட்டியலில் என் பெயர்

நான் செத்துப்போய்விட்டதாக இணையத்தில் இருக்கிறது. விரும்புகிறவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் தங்கச் சுரங்கத்தில் ஏர்பிளாஸ்ட் நடந்த அன்று, அதாவது பூமிக்கடியில் பாறை வெடித்துச் சரிந்த அன்று, இறந்தவர்கள் பட்டியலில் நான்காவது பெயர் என்னுடையது.

பட்டியலை ஏற்றியவர்கள் பெங்களூரிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள். சுரங்க ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் பழைய பதிவேடுகளைப் படமெடுத்து ஓர் இலவச இணையதளத்தில் போட்டு வைத்திருந்தார். அவரும் போய்ச் சேர்ந்தார், அந்தத் தளத்தையும் மூடப்போகிறார்கள். அழிவதற்குள் அள்ளிக் காப்பாற்றித் தங்கள் தளத்தில் வைக்கிறார்களாம் இவர்கள். அதற்குத் தலைப்பு 'கைவிடப்பட்ட ஊர்கள்'. எங்கள் ஊர் மைசூர் மைன்ஸில், தெருமுனைக் கடையில் டீ குடித்துக்கொண்டே, இங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். டீ போட்டுக் கொடுத்தது பேய் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. விடிவதற்குள் ரயில் பிடித்து, நிற்க இடமில்லாமல் வேலைக்குப் போகிற கூட்டம் இவர்கள் கண்ணில் படவில்லை. மூடிக் கிடக்கும் சுரங்கத்தின் வாயில் கோபுரத்தில் துருப்பிடித்த சக்கரத்தை மட்டும் நாலு பக்கமும் சுற்றிப் படமெடுத்துக்கொண்டு போனார்கள்.

பட்டியலுக்குக் கீழே ஆளாளுக்குக் கைகூப்பும் பொம்மை போட்டிருக்கிறார்கள். எவன் செத்தான், எவன் இருக்கிறான் என்று தெரியாமல் என்ன அஞ்சலியோ. என் ஆன்மா சாந்தியடைய வேண்டும் என்று துபாயிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். பல்வலியோடு உட்கார்ந்து அதைப் படித்தேன்.

அதை எனக்குக் காட்டியது என் நண்பனின் மகள். விபத்தின்போது அவள் கைக்குழந்தை. இப்போது பெங்களூரில் துணிக் கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் ஆள் கண்ணில் படுவாள்.

"இன்னா பெரியப்பா இது? உங்க பேரு கீது, எங்கப்பா பேரக் காணோம். வீட்ல அவரு போட்டோகூட ஒண்ணு இல்ல. இதுலயாச்சும் பேரு இருக்க வேணாமா?"

காரணம் எனக்குத் தெரியும். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டான கேஜில் ஏறும் முன் டோக்கனைக் கொடுத்தால்தான் பதிவேட்டில் பெயர் ஏறும். ஒருத்தன் டோக்கனில் இன்னொருத்தன் இறங்குவது விதிப்படி குற்றம், எங்களுக்கு அன்றாட வழக்கம். அன்றைக்கு என் டோக்கனில் என் நண்பன் இறங்கினான். சாயங்கால ரயிலில் நான் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டு வாசலில் கூட்டம் எனக்காக அழுதுகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அழுகை நின்றது. கொஞ்ச நேரத்தில் இரண்டு லைன் வீடுகள் தள்ளி அவன் வீட்டில் தொடங்கியது. ஆபீஸில் மற்ற காகிதங்களையெல்லாம் திருத்தினார்கள், அன்றைய பதிவேட்டை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அந்த இளைஞர்களுக்கு நானே போன் செய்தேன்.

"சார், ஒரிஜினல் ரெக்கார்டை நாங்க மாத்த மாட்டோம். அது எங்க பாலிசி. உங்ககிட்ட டாக்குமெண்ட் ஏதாவது இருக்கா?"

"நான் உயிரோட பேசறேனே, அது போதாதா?"

அவனுக்கு அது போதவில்லை. பட்டியலுக்குக் கீழே ஒரு குறிப்புப் போடலாமாம், அதற்கு ஒரு ஃபார்ம் இருக்கிறதாம். ஒருமுறை ஏற்றிவிட்டால் யாராலும் அழிக்க முடியாது என்று பெருமையாக வேறு சொன்னான். தப்பைப் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டுச் சாவியைக் காட்டி மார்தட்டுகிற பிள்ளைகள்! அரைவேக்காடுகள் என்று, பக்கத்தில் இருந்த நண்பன் மகளின் காதுபடவே திட்டினேன். ஊரில் நடந்தது ஒன்று, எழுதி வைப்பது ஒன்று, இதற்குப் பேர் வரலாறா என்று கத்தினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து போனிலேயே அந்த ஃபார்மை நிரப்பினாள். பிழை எது? எழுதினாள். சரியான பெயர் என்ன? தன் அப்பா பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தாள். கடைசிக் கேள்வி, அது எப்படி நேர்ந்தது.

"நண்பனோட அத்தைக்கு ஒடம்பு சரியில்ல, பாக்கப் போனாரு, அதனால எங்கப்பா அவருக்குப் பதிலா எறங்கினாரு. இப்பிடியே போட்டுடவா பெரியப்பா?"

அன்று வாசலில் நின்று நான் சொன்ன அதே வார்த்தைகள். அவள் அம்மா சாகும்வரை நம்பியது, இவள் கேட்டு வளர்ந்தது. பங்காருபேட்டையில் இருந்த என் அத்தை அன்றைக்குக் குத்துக்கல்லாட்டம் இருந்தாள். அந்தப் பையன்களாவது தெரியாமல் தப்பை ஏற்றினார்கள். நான் தெரிந்தே இத்தனை வருடம் காப்பாற்றி வந்திருக்கிறேன். என்மேல் எனக்கே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

"அத்தைக்கு ஒண்ணுமில்லம்மா. நான் பெங்களூருக்குப் போனேன். புதுப் படம், மொத ஷோ."

அவள் விரல் நின்றது. போனின் வெளிச்சம் அணைந்தது, அவள் அதைத் தொடவில்லை. அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"படம் நல்லா இருந்துதா?" என்று கேட்டாள்.

"இருந்துதும்மா" என்றேன்.

போனை மறுபடி எழுப்பி, எழுதியதை அழித்துவிட்டு வேறு எழுதினாள். என்னிடம் படித்துக் காட்டவில்லை. ஒரு வாரத்தில் குறிப்பு வந்துவிட்டது. பட்டியலுக்குக் கீழே அவள் அப்பாவின் பெயர் இருக்கிறது. பக்கத்தில், நண்பர் சினிமா பார்க்கப் போனதால் அவருக்குப் பதிலாக இறங்கினார் என்று ஒரே வரி. பல தடவை படித்துப் பார்த்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை.