ஆற்று மணலில் ஒரு களிமண் சுவர்

நாற்பதுகளில் ஒரு கோடை. ஆறு வற்றிவிட்டால் எங்கள் ஊரில் மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர்தான் எடுப்போம். சேரி ஊற்று மேற்புறம், எங்கள் தெரு ஊற்று கீழ்ப்புறம். அவர்கள் தொட்ட தண்ணீர் மணலுக்குள் ஊர்ந்து நம்மிடம் வருகிறதே என்பது தெருப் பெரியவருக்குத் திடீரென்று உறைத்தது. உடனே இரண்டுக்கும் நடுவில் மணலுக்கடியில் களிமண் சுவர் வைத்து அடைத்தார்கள். ஆசாரம் பிழைத்தது.

தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் மணலில் புங்க இலை விழுந்தால் நாறாமல் மக்கிப்போகும். ஓட்டம் நின்றதும் எங்கள் ஊற்று மணல் கறுத்து, அழுகிய முட்டையாய் நாறியது. சுவரில் முட்டிய தண்ணீரோ பக்கவாட்டில் வழி கண்டு ஓடியதால் சேரி ஊற்று தெளிவாகவே இருந்தது.

"சுவத்த இடிச்சிரலாங்களா?" என்று என் அத்தை பெரியவரைக் கேட்டாள்.

"தீட்டு வந்துரும்மா" என்றார்.

அதற்குப் பதிலாக ஊற்றை மாற்றிக்கொண்டார்கள். தீர்த்தமலையிலிருந்து ஒரு சொம்புத் தீர்த்தம் கொண்டுவந்து தெளித்ததும் மேல் ஊற்று எங்களுடையதானது. நாறுவது சேரிக்கு என்றார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அந்தப் பக்கம் போன பெரியவர் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "பாத்தீங்களா, அவங்க ஊத்து எப்பிடி நாறுதுன்னு."