வலி போயிட்டா

மூன்று வாரக் கழுத்து வலிக்கு மாத்திரை கேட்டுத்தான் பாகூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் என்னை மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். எனக்கு எரிச்சல்.

ஆலோசகராக இருந்த அந்தச் சின்னப் பெண் வலி எப்படி வந்தது என்று கேட்கவில்லை. "நாளைக்கே வலி போயிட்டா மொதல்ல இன்னா செய்வீங்க?" என்றாள்.

"எங்கக்கா கட்டின மாடி வூட்டப் போய்ப் பாக்கணும்" என்று வாயில் வந்துவிட்டது. கிரகப்பிரவேசத்துக்கே வலியைச் சொல்லித்தான் போகாமல் இருந்தேன் என்பதையும் உளறிவிட்டேன்.

"அப்ப என் வலி பொய்யா?" என்று சீறினேன்.

"வலி நெசந்தாங்கா. அது உங்கள எங்க போவ வுடாம புடிச்சு வச்சிருக்குன்னுதான் பாக்குறேன்."

எழுந்து வந்துவிட்டேன். கரையாம்புத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். இறங்கும்போதுதான் உறைத்தது. வழியில் ஒரு மாடி வீடு விடாமல் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.