மீரான் திறந்த அடி மதகு

ஓவர்சியர் செய்யது மீரான் காலமான செய்தி எனக்கு ஒரு தபால் கார்டில் வந்தது. கோட்டைப்பட்டினத்திலிருந்து அவருடைய மருமகன் எழுதியிருந்தார். "மாமா வியாழக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு மௌத்தானார்கள். மறுநாள் ஜும்மாவுக்கு முன் அடக்கம் முடிந்தது." அவ்வளவுதான். நான் அதைப் படித்தபோது மேலும் மூன்று நாள் ஓடியிருந்தது. புதுக்கோட்டை ஆபீசில் அவரோடு வேலை பார்த்தவர்கள் இன்று பல ஊர்களில் இருக்கிறீர்கள். உங்களில் பலருக்கு அவர், உத்தரவில்லாமல் மதகைத் திறந்து மாற்றலாகிப் போனவர். அன்று அவர் பக்கத்தில் நின்றவன் நான். நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து சில வருஷங்கள் கழித்து அவர் எங்கள் ஆபீசுக்கு வந்தார். நான் டிராப்ட்ஸ்மேன், அவரைவிட இரண்டு வயது மூத்தவன். வந்த வாரமே, திருவரங்குளத்துக்குத் தெற்கே காட்டாற்றின் குறுக்கே இருந்த பழைய கருங்கல் அணையின் பைலைக் கேட்டார். அந்த அணையின் நிலைமை பற்றி வருஷம் ஒருமுறை மேலே அறிக்கை போகும். எழுதுவது நான்தான். 'அணை நல்ல நிலையில் உள்ளது' என்று போன வருஷத்துத் தாளைப் பார்த்து எழுதுவேன்.

"கடைசியா எப்பங்க அங்கிட்டுப் போனீங்க?" என்றார்.

"போனதே இல்லைங்க."

அவர் கோபப்படவில்லை. "நாளைக்குப் போவோம். சோறு கட்டிக்கிட்டு வாங்க."

பிறகு மாதம் ஒருமுறை போனோம். கசிவைப் பார்த்து நான் பதறினால் சிரிப்பார். "பழைய அணை வேர்க்கத்தாங்க செய்யும். தெளிஞ்சு வந்தா பயமில்லை. கலங்கி வந்தா உள்ள இருந்து மண்ணு போவுதுன்னு அர்த்தம்." இதை அவர் சொல்லி நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

அவர் வருமுன் இரண்டு வருஷம் வறண்டு, பிறகு கோடை மழையில் கொஞ்சம் தண்ணீர் கண்டிருந்த அணை, அந்த வருஷ ஐப்பசி மழையில் நிரம்பியது. கார்த்திகையில் ஒரு காலை நேரம் போய்ப் பார்த்தபோது, சுவரின் அடிவாரத்தில் ஊறிய தண்ணீர் செந்நிறமாக இருந்தது. ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துக் கல்லின் மேல் வைத்தார். அரை மணி நேரத்தில் அடியில் விரல்கடைக்கு மண் படிந்துவிட்டது. அவர் சட்டையைக் கழற்றினார். கடலோரத்தில் பிறந்தவர், மூச்சடக்கத் தெரியும். இடுப்பில் கட்டிய கயிற்றை நானும் மதகுக் காவலரும் பிடித்துக்கொள்ள, தண்ணீர்ப் பக்கம் மூழ்கினார். மூன்றாம் முறை மூழ்கியபோது கயிறு வெடுக்கென்று இழுபட்டது. பதறி மேலே இழுத்தோம்.

"சுவத்துக்கு அடியில போக்கு இருக்குங்க. காலை உள்ள இழுக்குது," என்றார். உதடு வெளுத்திருந்தது.

அன்றே மேலே எழுதினார். ஐந்து நாளாகியும் பதில் இல்லை. அதற்குள் ஊற்று இரண்டு மடங்காகிவிட்டது. ஆறாம் நாள் காலை அடி மதகைத் திறந்து பாதித் தண்ணீரை ஆற்றிலேயே இறக்கிவிடுவது என்று முடிவு செய்தார். நாங்கள் போனபோது, கதவைத் தூக்கும் திருகின் மேல் கருப்பையா அம்பலம் உட்கார்ந்திருந்தார். கடைமடையில் அவருக்கு நிலம். பின்னால் ஊர் நின்றது.

"நெல்லு பொதி கட்டி, கதிரு தள்ளுற நேரத்துல நிக்குது. இன்னும் ரெண்டு தண்ணி வேணும். இதைத் தொறந்தா என் வயலு என்னாகும்?"

"காஞ்சுரும்ங்க. இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"எங்க பாட்டன் காலத்துலேருந்து நிக்கிற அணை. நீங்க வந்ததும் விழுந்துருமாக்கும்?"

"விழாமயும் இருக்கலாம். கீழ ஆத்தோரத்துல வீடு இருக்குல்ல, அவுககிட்டப் போயி 'விழாமயும் இருக்கலாம்'னு சொல்லச் சொல்றீங்களா?"

"உத்தரவு இருக்கா?"

"இல்லைங்க. நானாத்தான் தொறக்கிறேன்."

அம்பலம் ஆற்றின் கீழ்ப்பக்கம் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திருகிலிருந்து இறங்கிப் போனார்.

மதகைத் திறந்த இரண்டு நாளில் தண்ணீர் பாதியாக இறங்கியது, ஊற்றும் தெளிந்தது. அதற்குப் பிறகு மழை பெய்யவில்லை. கடைமடை முழுக்கக் காய்ந்தது. ஊர் மனு கொடுத்தது, விசாரணைக்கு ஒருவர் வந்தார். அவர் மேஜை மேல் வைத்த தாள், மீரான் வருவதற்கு முன் நான் எழுதிய கடைசி அறிக்கை. "அணை நல்ல நிலையில் இருப்பதாக உங்கள் ஆபீசே எழுதியிருக்கிறதே?"

பார்க்காமல் எழுதினேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு நாக்கு எழவில்லை. மீரான் என்னை ஒருமுறை பார்த்தார். "அது எழுதினப்ப அணையில தண்ணி இல்லைங்க," என்று மட்டும் சொன்னார். தை மாதம் அவருக்குக் கொடும்பாளூர்ப் பக்கம் மாற்றல் வந்தது.

சித்திரையில் அணை வற்றியது. சுவருக்கு அடியில் மூன்று பேர் குனிந்து உட்காரும் அளவுக்குக் குழி தெரிந்தது. நான் கடிதம் போட, அவர் லீவு எடுத்துக்கொண்டு வந்தார். அம்பலமும் வந்தார். இருவரும் உள்ளே தவழ்ந்து போய், உடம்பெல்லாம் மண்ணோடு வெளியே வந்தார்கள்.

"நீங்க செஞ்சது சரிதாங்க," என்றார் அம்பலம். "ஆனா என் பயிரு காஞ்சதும் நெசம்."

"நெசந்தாங்க. குழி இருந்துச்சுங்கிறதுக்காக உங்க நெல்லு திரும்பி வராது," என்றார் மீரான்.

திரும்பும் பஸ்ஸில் நான் சொன்னேன்: "அன்னைக்கு நான் வாயைத் தொறக்கலைங்க."

"தொறந்திருந்தா ரெண்டு பேருக்கும் மாத்தலு. அணையைப் பாக்க ஓராளு வேணும்ல?"

அதன் பிறகு மாதந்தோறும் தனியாகப் போனேன். அந்த வருஷ அறிக்கையில், பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன். தண்ணீருக்கு அடியில் இருந்த பகுதிக்கு நேரே 'பார்க்கவில்லை' என்று எழுதினேன். மேலே அது யாருக்கும் பிடிக்கவில்லை. தாள் இரண்டு முறை திரும்பி வந்தது. இரண்டு முறையும் அதையே எழுதி அனுப்பினேன். செய்யது மீரானோடு வேலை பார்த்ததில் எனக்குக் கிடைத்தது, 'பார்க்கவில்லை' என்ற அந்த ஒரு சொல். பார்க்காத இடத்துக்கு நேரே இன்றும் அதைத்தான் எழுதுகிறேன்.